இரண்டு லீவர், ஒரு லீவர், மறுபடியும் இரண்டு லீவர்

(ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸ் வந்த வழி: கீரப்பாளையத்திலிருந்து ஒரு மெக்கானிக்கல் பழைய மாணவன்)

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கத்திலிருந்து கேட்டார்கள். ஹாஸ்டல் மெஸ், கேட்டுக்கு எதிரே டீக்கடை, செமஸ்டர் ரிசல்ட் ஒட்டிய பலகை இதெல்லாம் எப்படியும் மற்ற நண்பர்கள் எழுதிவிடுவார்கள். அதனால் நான் இரும்பைப் பற்றி எழுதுகிறேன். சிவில், கெமிக்கல் நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கணக்கு கொஞ்சம்தான் வரும், அதுவும் பெருக்கல் கணக்கு.

நம் அண்ணாமலை நகரில் பொறியியல் கல்லூரி தொடங்கிய ஆண்டு 1945. அதே ஆண்டு ஜூலையில்தான் அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி, யுத்த ஜீப்பை விவசாயிக்கு விற்கும் வண்டியாக மாற்றி சி.ஜே. 2ஏ என்று வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 2-ம் தேதி லூதியானாவில் 'மஹிந்திரா அண்டு முகமது' என்ற கம்பெனி ஆரம்பமானது. பங்குதாரர் குலாம் முகமது பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தான் போய், நிதியமைச்சராகி, பின்னால் கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். இங்கே 1948-ல் கம்பெனி 'மஹிந்திரா அண்டு மஹிந்திரா' ஆனது. ஆக, நம் கல்லூரியும் நம் நாட்டு ஜீப்பும் ஒரு செட் என்று சொல்லிக்கொள்ளலாம்.

முதலில் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்றால் என்ன? சாதாரண வண்டியில் கியர் பாக்ஸிலிருந்து ஒரு ஷாஃப்ட் பின் ஆக்சிலுக்குப் போகும், கதை முடிந்தது. நான்கு சக்கரமும் இழுக்க வேண்டுமானால் முன் ஆக்சிலுக்கும் ஒரு ஷாஃப்ட் வேண்டும். கியர் பாக்ஸின் பின்னால் ஒரு இரும்புப் பெட்டியை வைத்து, வருகிற சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுப்பதுதான் இதன் வேலை. கூடவே இன்னொரு வேலையும் செய்யும். 'ஹை', 'லோ' என்று இரண்டு ரேஞ்ச் வைத்திருக்கும். லோவில் போட்டால் வண்டி பாதி வேகத்தில் இரண்டு மடங்கு இழுக்கும். நம்ம ஊர் மெக்கானிக்குகள் 'டிரான்ஸ்பர்' என்று சுருக்கிச் சொல்வார்கள். கலெக்டர் ஆபீஸ் டிரான்ஸ்ஃபரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்!

நான்கு சக்கர ஓட்டம் ஜீப்பு கண்டுபிடித்ததல்ல. ஹாலந்தின் ஸ்பைக்கர் கம்பெனி 1903-லேயே நான்கு சக்கரமும் இழுக்கும் பந்தயக் கார் செய்துவிட்டது. ஆனால் சாமானியன் கையில் அதைக் கொடுத்தது ஜீப்புதான். 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதியது. கால் டன் சுமக்கும் சின்ன வண்டி வேண்டும், 49 நாளில் முதல் மாதிரியைக் காட்ட வேண்டும் என்றது. அந்த நாள் கணக்கைப் பார்த்தே பெரிய கம்பெனிகள் விலகிக்கொண்டன. பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரில், நொடித்துக் கிடந்த அமெரிக்கன் பான்டம் என்ற சின்ன கம்பெனி கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற இன்ஜினியரை அழைத்து, வரைபடம் போட்டு, செப்டம்பர் 23-ம் தேதி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது. ஆக்சிலும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஸ்பைசர் கம்பெனி கொடுத்தது. பின்னால் ஆர்டர் பெரிதானதும் ராணுவம் பான்டமை ஓரங்கட்டி வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் கொடுத்துவிட்டது. யுத்தம் முடிவதற்குள் அந்த இருவரும் ஆறு லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். யோசித்தவனுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

அந்த வில்லிஸ் எம்.பி. ஜீப்பின் தரையில் மூன்று லீவர்கள் நிற்கும். நீளமானது கியர். பக்கத்தில் சின்னதாக இரண்டு. ஒன்று முன் ஆக்சிலைச் சேர்க்கவும் விலக்கவும். இன்னொன்று ஹை, நியூட்ரல், லோ. உள்ளே இருந்த பெட்டிக்குப் பெயர் ஸ்பைசர் மாடல் 18.

இந்த இரண்டு சின்ன லீவர்களைப் பார்த்துவிட்டு, 'அந்தக் காலத்திலேயே டிரைவருக்கு முழுச் சுதந்திரம் கொடுத்திருந்தார்கள்' என்று பலர் பேசுவார்கள். பாதிதான் உண்மை. பெட்டிக்குள் இரண்டு ஷிஃப்ட் ராடுகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். ஒவ்வொன்றிலும் பள்ளம் வெட்டி, ஸ்பிரிங்கும் குண்டும் வைத்து, போட்ட இடத்தில் நிற்கச் செய்திருப்பார்கள். இரண்டு ராடுக்கும் நடுவில் விரல் நுனி அளவு இரும்புத் துண்டு ஒன்று உட்கார்ந்திருக்கும். அதுதான் இன்டர்லாக். முன் ஆக்சிலைச் சேர்க்காமல் லோ லீவரை எவ்வளவு இழுத்தாலும் வராது. அந்தத் துண்டு ராடின் பள்ளத்தில் விழுந்து மறித்துக்கொள்ளும்.

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு பட்டறையில் மேஸ்திரி ஒருவர், நாங்கள் மாணவர்களாகப் போய் நின்றால் அந்தத் துண்டைக் கையில் வைத்துக் காட்டுவார். "தம்பி, இது சைஸுல பட்டாணி. ஆனா பின்னாடி இருக்குற ஹவுசிங் மொத்தத்துக்கும் இதுதான் காவக்காரன். இத எடுத்துட்டா லோ நல்லா விழும். அப்புறம் ஹாஃப் ஷாஃப்ட்ட மாத்துறதுக்கு எங்கிட்டதான் வரணும்" என்பார். "ஏண்ணே, கம்பெனிக்காரன் சும்மாவா வெச்சிருப்பான்?" என்று கேட்டால் சிரிப்பார்.

அவர் சொன்னதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். எம்.பி. ஜீப்பின் இன்ஜின் அதிகபட்சமாகக் கொடுக்கும் முறுக்குவிசை சுமார் 142 நியூட்டன் மீட்டர். முதல் கியர் 2.665. டிரான்ஸ்ஃபர் லோ 1.97. மூன்றையும் பெருக்குங்கள்: சுமார் 745. உராய்வு நஷ்டத்தை விட்டுவிடுவோம். இரண்டு ஆக்சிலும் சேர்ந்திருந்து, நான்கு சக்கரத்துக்கும் ஒரே மாதிரி பிடிப்பு இருந்தால், இந்த 745 முன்னுக்கும் பின்னுக்கும் ஏறக்குறைய பாதிப் பாதியாகப் போகும். பின் பக்கத்துக்கு 370 சொச்சம். இப்போது ஹை ரேஞ்சில், பின் சக்கரம் மட்டும் ஓடும்போது பாருங்கள்: 142 பெருக்கல் 2.665, அதாவது 378. ஏறக்குறைய அதே எண்! ஆக, பின் ஆக்சில் ஹையில் தனியாகச் சுமப்பதும், லோவில் பங்காளியோடு சுமப்பதும் ஒரே சுமை. லோவில் தனியாக விட்டால் மட்டும் சுமை இரட்டிப்பாகும். எடை குறைவாக இருக்க வேண்டுமே என்று மெலிதாகச் செய்த ஆக்சிலைக் காப்பாற்ற ஸ்பைசர்காரர்கள் செய்த ஏற்பாடு அந்தப் பட்டாணி. யுத்தத்துக்குப் பின் வந்த சி.ஜே. 2ஏ-யில் லோ விகிதத்தை 2.43 ஆக்கினார்கள். காவல் இன்னும் அவசியமானது.

அப்படியானால் அதை ஏன் எடுக்க நினைக்கிறார்கள்? காரணம் இருக்கிறது, அதுவும் நம் ஊரிலேயே இருக்கிறது.

கீரப்பாளையத்தைச் சுற்றி நிலம் வண்டல், களி. மழை பெய்தால் வரப்பு ரோடு வெண்ணெய் மாதிரி வழுக்கும். அங்கே நான்கு சக்கரமும் லோவும் சேர்ந்தால்தான் வண்டி நகரும். ஆனால் அதே வண்டி நூறு அடி தாண்டித் தார் ரோட்டில் ஏறினால்? ஜீப்பு வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீளமான வட்டம் போடும். ஜீப்பின் வீல்பேஸ் 80 அங்குலம், சுமார் 2.03 மீட்டர். பின் ஆக்சிலின் நடுப்பகுதி 5 மீட்டர் ஆரத்தில் ஒரு முழு வட்டம் அடித்தால் 31.4 மீட்டர் போகும். முன் ஆக்சில் அதே நேரத்தில் 33.9 மீட்டர் போயாக வேண்டும். இரண்டரை மீட்டர் வித்தியாசம். ஆனால் டிரான்ஸ்ஃபர் கேஸில் இரண்டு ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டிருப்பதால் அப்படி ஓட முடியாது. சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தார் ரோட்டில் வழுக்க இடமில்லாமல் ஷாஃப்டுகள் முறுக்கிக்கொள்ளும். ஸ்டீரிங் கனக்கும், லீவர் இறுகிப்போகும், விலக்கவும் வராது. கெட்டித் தரையில் நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லரை மெள்ள ரிவர்ஸ் எடுக்க வேண்டும், பாலத்துச் சரிவில் கிளட்ச் கருகாமல் ஊர வேண்டும் என்றால், லோ வேண்டும், முன் ஆக்சில் வேண்டாம். அதைத்தான் இன்டர்லாக் தடுக்கிறது.

இதற்கு ஒரு குறுக்கு வழி சீக்கிரமே வந்துவிட்டது. 1948-ல் அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் என்பவர், யுத்தம் முடிந்து ஏலத்துக்கு வந்த ஜீப்புகளுக்காக முன் சக்கர மையத்தில் பூட்டித் திறக்கும் ஹப் செய்து விற்க ஆரம்பித்தார். அவர் செய்தது பெட்ரோல் மிச்சத்துக்கும் தேய்மானம் குறைவதற்கும்தான். ஆனால் அந்த ஹப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே முன் ஆக்சில் லீவரைச் சேர்த்தால், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஏமாந்துபோகும். முன் ஷாஃப்ட் சும்மா சுற்றும், லோ தாராளமாக விழும். ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல் பின் சக்கர லோ! காவல்காரனை வாசலில் நிறுத்திவிட்டுக் கொல்லைப்புறமாகப் போகிற மாதிரி. சுமை இரட்டிப்பாகும் கணக்கு மட்டும் மாறாது.

இங்கிலாந்தில் 1948-ல் வந்த லேண்ட் ரோவரும் ஜீப்பைப் பார்த்துப் பிறந்ததுதான். மாரிஸ் வில்க்ஸ் என்பவர் தன் பண்ணையில் வைத்திருந்த பழைய யுத்த ஜீப்புதான் தூண்டுதல். சீக்கிரமே அதில் சிவப்புக் குமிழ் லீவரும் மஞ்சள் குமிழ்க் கம்பியும் வந்தன. ஹையில் நான்கு சக்கரம் வேண்டுமானால் மஞ்சளை அழுத்து; சிவப்பை லோவுக்கு இழுத்தால் முன் ஆக்சில் தானாகவே சேர்ந்துகொள்ளும். ஜீப்பு டிரைவரை மறிக்கிறது, லேண்ட் ரோவர் அவருக்காகத் தானே செய்துவிடுகிறது. இரண்டுக்கும் பின்னால் பயம் ஒன்றுதான்.

நம் நாட்டில் மஹிந்திரா பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களாக இறக்கிப் பூட்ட ஆரம்பித்து, பிறகு இங்கேயே செய்தது. சி.ஜே. 3பி மாடல் அமெரிக்காவில் 1968-ல் நின்ற பிறகும் அதன் வாரிசுகள் இங்கே பல பத்தாண்டுகள் ஓடின. 1952 அக்டோபர் 2-ம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியதும், 1958-ம் ஆண்டு மதராஸ் ஊராட்சிகள் சட்டத்தால் ஊராட்சி ஒன்றியங்கள் வந்ததும் ஜீப்பை ஆபீஸ் வண்டியாக்கின. கீரப்பாளையமும் ஒரு ஒன்றியத் தலைமையிடம் என்பதால் எங்களுக்கு 'பி.டி.ஓ. ஜீப்' என்பது ஒரே சொல். குடும்பக் கட்டுப்பாடு பிரச்சாரம், தேர்தல், புயல் நிவாரணம், எல்லாவற்றுக்கும் அதுதான். வேடிக்கை என்னவென்றால், பின்னாளில் அரசு ஆபீஸ்களில் ஓடிய பல ஜீப்புகள் டூ வீல் டிரைவ். முன் ஆக்சிலுக்கு ஓட்டமே கிடையாது. முகம் மட்டும் ஜீப்பு!

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருவோம். மாடல் 18-ல் இரண்டு லீவர் இருந்தாலும், பின் ஆக்சிலை மட்டும் விலக்கிவிட்டு முன் ஆக்சிலில் ஓட்ட முடியாது. பின் ஷாஃப்ட் எப்போதும் அவுட்புட்டோடு சேர்ந்தே இருக்கும். ஒரு லீவர் ஆக்சிலுக்கு, ஒரு லீவர் ரேஞ்சுக்கு. இன்டர்லாக்கை எடுத்தாலும் கிடைப்பது பின் சக்கர லோ மட்டும்தான். இரண்டு ஆக்சிலையும் தனித்தனியே ஆட்டிவைக்கும் வித்தை அடுத்த தலைமுறைப் பெட்டியில்தான் சாத்தியமானது.

அது டானா 20. 1962-ல் ஜீப் வேகனியரில் வந்து, 1972-ல் சி.ஜே. வரிசைக்கும் வந்தது. மாடல் 18-ல் ஹையிலும் சக்தி பல்சக்கரங்கள் வழியாகத்தான் போகும், அதனால் ஒரு ஓயாத முனகல் இருக்கும். டானா 20-ல் ஹை ரேஞ்சில் பின் ஷாஃப்டுக்கு நேர் வழி, சத்தம் குறைவு. உள்ளே அமைப்பும் வேறு. முன் அவுட்புட்டுக்கு ஒரு நகரும் பல்சக்கரம், பின் அவுட்புட்டுக்கு ஒரு நகரும் பல்சக்கரம். ஒவ்வொன்றுக்கும் சொந்த ராடு, ஒவ்வொன்றுக்கும் ஹை, நியூட்ரல், லோ. 1980-ல் வந்த டானா 300-ம் இதே வழி, லோ விகிதம் 2.62. அது சி.ஜே. ஜீப்போடு 1986-ல் நின்றது.

உள்ளே இரண்டு சுதந்திரமான ராடு. டானா 300-ல் வெளியே ஒரே லீவர். இரண்டையும் ஒரு இணைப்பால் கட்டி, 2 ஹை, 4 ஹை, நியூட்ரல், 4 லோ என்ற நான்கு நிலைகளை மட்டும் டிரைவருக்குக் கொடுத்தார்கள். குடும்பத்தோடு போகிறவர் இரண்டு லீவரையும் குழப்பிப் பல்லை உடைத்துக்கொள்ளக் கூடாதே என்று. வியாபாரத்துக்கு அது சரி. ஆனால் பெட்டியைப் பிரித்துப் பார்த்த மலைப்பாதைக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. ஒற்றை லீவரைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு ராடுக்கும் ஒரு லீவர் வைத்தார்கள். இதைத்தான் 'ட்வின் ஸ்டிக்' என்கிறார்கள்.

லீவரை மாற்றுவது லேத் பட்டறை வேலை, அரை நாளில் முடியும். அசல் வேலை நடுவிலுள்ள இன்டர்லாக் துண்டுகளில் இருக்கிறது. இரண்டு வழி. ஒன்று, துண்டை எடுத்து வீசிவிடுவது. அப்போது எல்லா நிலையும் கிடைக்கும், பின் மட்டும் லோ, முன் மட்டும் லோ, முன் மட்டும் ஹை. கூடவே கிடைக்கக் கூடாத ஒன்றும் கிடைக்கும்: முன் ஆக்சில் ஹை, பின் ஆக்சில் லோ. ஒரே இன்ஜின், ஒரே தரை, முன் சக்கரத்தை 2.62 மடங்கு வேகமாகச் சுற்றச் சொன்னால் என்ன ஆகும்? பல் போகும், ஷாஃப்ட் போகும், எது பலவீனமோ அது போகும். இன்னொரு வழி, துண்டை வைத்துக்கொண்டே ராடில் சரியான இடத்தில் மட்டும் அளவாகக் கிரைண்ட் செய்வது. ஒரு ராடு நியூட்ரலில் இருந்தால் மற்றது எங்கு வேண்டுமானாலும் போகலாம். ஒன்று ஹையில் இருக்கும்போது மற்றது லோவுக்கு மட்டும் போக முடியாது. என் பார்வையில் இரண்டாவதுதான் இன்ஜினியர் செய்யும் வேலை. முதலாவது சுத்தியல் வைத்திருக்கும் யாரும் செய்யலாம்.

இதனால் பலன் என்ன? பாறை இடுக்கில் திரும்ப இடமில்லாதபோது, பின் ஆக்சிலை நியூட்ரலில் விட்டு, முன் ஆக்சிலை லோவில் போட்டு, ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்தால், முன் சக்கரம் வண்டியின் மூக்கைப் பிடித்து இழுத்துத் திருப்பும். பின்புறம் சும்மா கூட வரும். பின் ஆக்சிலில் ஏதாவது உடைந்தால், அந்தப் பக்க ஷாஃப்டைக் கழற்றிவிட்டு முன் ஆக்சிலிலேயே வீடு வந்து சேரலாம். கெட்டித் தரையில் பின் சக்கர லோ பற்றி ஏற்கெனவே சொன்னேன். ஆனால் மூன்றிலும் ஒரு ஆக்சில்தான் மொத்தச் சுமையையும் தாங்குகிறது. முன் ஆக்சிலுக்கு இது இன்னும் மோசம். ஸ்டீரிங் ஒடித்த நிலையில் ஜாயின்ட் கோணத்தில் வேலை செய்கிறது, அந்த நேரத்தில்தான் அது சீக்கிரம் உடையும். ஆக்சிலேட்டரில் காலை எப்படி வைக்கிறோம் என்பதுதான் அப்புறம் இன்டர்லாக்.

இங்கே ஒரு கேள்வி எழும். டெல்டாவில் இப்போது ஃபோர் வீல் டிரைவ் டிராக்டர்கள் நிறைய வந்துவிட்டன. அவற்றில் ஹை லோ ஒரு லீவர், முன் ஆக்சில் இன்னொரு லீவர். முன் ஆக்சில் சேராமலேயே லோ தாராளமாக விழுகிறதே, அங்கே காவல் வேண்டாமா? வேண்டாம். டிராக்டரின் பின் ஆக்சில் மொத்த இழுவையையும் தனியாகவே தாங்கும்படி முதலிலிருந்தே கட்டப்பட்டது. முன் ஆக்சில்தான் அங்கே துணைக்கு வந்தது. அதே இரண்டு லீவர், பின்னால் இருக்கும் இரும்பு வேறு. ஜூனியர் தம்பி தங்கைகள் கவனிக்க வேண்டியது இதைத்தான்: லீவரை மாற்றும் முன் ஆக்சிலின் கணக்கைப் போடுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியை ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்களுக்கு மாறாக மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாக உறுதிசெய்தது. அதனால் ரோட்டில் ஓடும் வண்டியில் கை வைப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிடுவது நல்லது. 2014-ல் கோவாவில் தொடங்கிய 'ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்' மாதிரியான போட்டிகளுக்கென்றே கட்டும் வண்டிகளின் உலகம் வேறு. கடையில் புதிதாக வாங்குகிற வண்டிகளில் 2020-ல் வந்த தாரும் 2023-ல் வந்த ஜிம்னியும் ஒற்றை லீவர்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2023 ஏப்ரல் 1 முதல் 15 வயது தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு ரத்தாகி அவை ஸ்கிராப்புக்குப் போகின்றன. பழைய ஜீப்புகளும் அந்தக் கூட்டத்தில் இருக்கின்றன. பேட்டைக்கடையில் எடைக்கு எடை போட்டு உருக்கப்போகும் அந்தப் பெட்டிகளில், முன் ஆக்சில் ஓட்டமுள்ள மாடல் 18 ஒன்று நல்ல நிலையில் யார் கண்ணில் பட்டாலும் சங்கத்துக்குச் சொல்லுங்கள். வாங்குகிற செலவில் என் பங்கு உண்டு. பக்கவாட்டில் அறுத்து, இரண்டு ராடும் நடுவில் அந்தப் பட்டாணியும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பெயின்ட் அடித்து, நம் டிபார்ட்மென்ட் ஒர்க்‌ஷாப்பில் ஒரு மேஜை மேல் வைக்கலாம். லீவரை அசைத்தால் வேலை செய்ய வேண்டும். அறுக்கும் வேலையை எங்கள் பேட்ச் எடுத்துக்கொள்கிறது.